தண்டனை முடிந்த பின்னும் காவல்: மினசோட்டாவின் பாலியல் குற்றவாளிகள் சிகிச்சைத் திட்டம் சிகிச்சைதானா?

பதிவு 1 | கூடல்நகரான் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்காவில் 20 மாநிலங்களிலும், தலைநகர் வாஷிங்டனிலும், ஒன்றிய அரசின் கீழும் நடைமுறையில் உள்ள ஒரு சட்ட ஏற்பாட்டைப் பற்றி நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். பாலியல் வன்குற்றத்துக்காகச் சிறை சென்ற ஒருவர் தண்டனைக் காலத்தை முழுமையாகக் கழித்துவிட்ட பிறகும், அவருக்கு மனக்கோளாறு இருக்கிறது, அதனால் அவர் மீண்டும் அதே குற்றத்தைச் செய்யக்கூடும் என்று நீதிமன்றம் முடிவு செய்தால், அவரை வீட்டுக்கு அனுப்பாமல் பூட்டிய சிகிச்சை நிலையமொன்றில் காலவரையின்றி வைத்துக்கொள்ள இந்தச் சட்டங்கள் இடமளிக்கின்றன. 1990-இல் வாஷிங்டன் மாநிலம் இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றியது. 1994-இல் கான்சாஸ் இயற்றிய சட்டம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1997-இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் செல்லும் என்று தீர்ப்பானது. இது தண்டனை அன்று, உரிமையியல் நடவடிக்கை. எனவே ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கக் கூடாது என்ற விதி இதற்குப் பொருந்தாது என்பதே அத்தீர்ப்பின் அடித்தளம்.

என் ஐயம் மினசோட்டாவிலிருந்து எழுகிறது. அங்கே மூஸ் லேக், செயின்ட் பீட்டர் ஆகிய இரண்டு ஊர்களில் உள்ள நிலையங்களில் 700-க்கும் மேற்பட்டோர் வைக்கப்பட்டிருக்கிறார்கள். அத்திட்டம் தொடங்கி 20 ஆண்டுகள் கடந்த நிலையில், 2015 ஜூனில் ஒன்றிய மாவட்ட நீதிபதி டோனவன் ஃபிராங்க் தீர்ப்பளித்தபோது, அவர்களில் ஒருவர்கூட முழு விடுதலை பெற்றிருக்கவில்லை. சிகிச்சை என்ற பெயரை வைத்துத்தான் இந்தக் காவலைச் சட்டம் நியாயப்படுத்துகிறது என்றால், அந்த 20 ஆண்டுகளில் ஒருவரும் முடித்து வெளியேறாத சிகிச்சையை எந்த அளவுகோலால் அளப்பது?

பதிவு 2 | நெய்தல்

பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளோடு பணியாற்றுகிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கூடல்நகரான் அவர்கள் சட்டத்தின் வரலாற்றை 1990-இலிருந்து தொடங்கியிருக்கிறார். அதற்கு முந்தைய ஆண்டில் அதே வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஏழு வயதுச் சிறுவனைக் கொடூரமாகச் சிதைத்துவிட்டுப் போன மனிதர், அதற்கு முன்பே குழந்தைகளைத் தாக்கிச் சிறை சென்றவர். வெளியே வந்ததும் என்ன செய்யப் போகிறார் என்பதைச் சிறையிலேயே பேசியவர். அதிகாரிகளுக்கு அது தெரிந்திருந்தது. அப்போதிருந்த மனநலச் சட்டத்தின்படி அவரை நிறுத்திவைக்க முயன்றும் முடியவில்லை.

மினசோட்டாவின் எண்ணிக்கை பெருகியதற்கும் ஒரு காரணம் உண்டு. 2003-இல் அந்த மாநிலச் சிறையில் 23 ஆண்டுகளைக் கழித்துவிட்டு வெளியே வந்த ஒருவர், ஏறத்தாழ ஆறு மாதங்களில் பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவியைக் கடத்திக் கொன்றார். தண்டனைக்குப் பின்னும் காவலில் வைக்கக் கோரும் தடுப்புவைப்பு மனுவே அவர்மீது தாக்கல் செய்யப்படவில்லை என்பது பின்னர் தெரிய வந்தது. அந்த மாணவியின் பெற்றோரிடம் போய், இந்தச் சட்டம் மிகையானது என்று நம்மில் யார் சொல்ல முடியும்?

பதிவு 3 | வடகரை வாசகன்

ஓர் எளிய கேள்வி. இவர்கள் அவ்வளவு ஆபத்தானவர்கள் என்றால் முதலிலேயே நீண்ட தண்டனை கொடுத்திருக்கலாமே? குறைவாகக் கொடுத்துவிட்டு, கடைசி நாளில் சிறை வாசலில் மறிப்பது ஏன்?

பதிவு 4 | வழக்குரைஞர் வேலன்

வாசகன் அவர்களின் கேள்வி எளியதுதான், ஆயினும் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. புதிய குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டலாம். பல மாநிலங்கள் கூட்டியும் விட்டன. ஆனால் பழைய சட்டத்தின்படி தண்டனை பெற்று ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு அதைப் பின்னேற்பாக நீட்டிக்க அமெரிக்க அரசமைப்புச் சட்டம் இடம் தருவதில்லை. அந்தத் தடையைச் சுற்றிச் செல்லக் கிடைத்த வழிதான் உரிமையியல் தடுப்புவைப்பு.

1997 வழக்கில் கான்சாஸ் அரசை எதிர்த்து நின்ற லீராய் ஹெண்ட்ரிக்ஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1950-களிலிருந்து குழந்தைகளிடம் தொடர்ந்து குற்றம் புரிந்தவர் அவர். 1994-இல் விடுதலையாக இருந்த தறுவாயில், அவர் தண்டனை பெற்றபோது இல்லாத ஒரு சட்டம் அவர்மீது பாய்ந்தது. விசாரணையில் அவரே, மன உளைச்சல் கூடும்போது தம்மைக் கட்டுப்படுத்த இயலவில்லை என்றும், தாம் இனி எந்தக் குழந்தைக்கும் தீங்கு செய்யாமல் இருப்பதற்கு உறுதியான வழி தம் சாவு ஒன்றே என்றும் ஒப்புக்கொண்டார். நெய்தல் அம்மையாரின் அச்சத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. ஆனால் அதே வழக்கில் வெளிப்பட்ட இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும்: காவலில் வைக்கப்பட்ட அவருக்குத் தொடக்கத்தில் சிகிச்சை என்று சொல்லத்தக்க எதுவும் கொடுக்கப்படவில்லை. சிறுபான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரேயர் கேட்டதும் அதுதான்: சிகிச்சையளிப்பதே நோக்கமென்றால், சிறையில் இருந்த அத்தனை ஆண்டுகளிலும் அதைக் கொடுக்காமல், தண்டனை முடியும் நேரம் பார்த்து ஏன் தொடங்க வேண்டும்? பெரும்பான்மையோடு உடன்பட்ட நீதிபதி கென்னடியும், பழிவாங்கலுக்கோ பிறரை அச்சுறுத்துவதற்கோ இந்த ஏற்பாடு கருவியாகிவிட்டால் அதைத் தாங்கிப் பிடிக்க முன்தீர்ப்புகள் உதவா என்று எச்சரித்தார்.

2002-இல் வந்த கிரேன் வழக்கில், நடத்தையைக் கட்டுப்படுத்திக்கொள்வதில் தடுத்து வைக்கப்படுபவருக்குப் பெரும் இடர்ப்பாடு இருப்பதை அரசு ஓரளவேனும் மெய்ப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஒரு வரம்பு இட்டது. எவ்வளவு பெரிய இடர்ப்பாடு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்த இடைவெளியில்தான் இன்றைய வழக்குகள் பெரும்பாலும் நடக்கின்றன.

மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறையும் வேறு. கான்சாஸிலும் வாஷிங்டனிலும் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். ஜூரி விசாரணை கேட்கலாம். மினசோட்டாவில் ஜூரி கிடையாது, மெய்ப்பிக்க வேண்டிய அளவும் ஒருபடி குறைவு, காலவரையறையும் இல்லை.

பதிவு 5 | செயின்ட்பால் செல்வி

நான் மினசோட்டாவில் மனநலத் துறையில் பணியாற்றுகிறேன். இந்தத் திட்டத்தில் பணியாற்றியதில்லை. இருந்தாலும் இங்கே இது பல ஆண்டுகளாகப் பேசப்படும் பொருள் என்பதால், சிகிச்சை என்ற சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை விளக்க முயல்கிறேன்.

சிகிச்சை மூன்று கட்டங்களாக அமைந்துள்ளது. முதல் கட்டத்தில் விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடப்பதும் சிகிச்சையில் ஈடுபடக் கற்றுக்கொள்வதும் முதன்மை பெறுகின்றன. இரண்டாவதில் தம் குற்ற வரலாறு முழுவதையும் குழுச் சிகிச்சையில் மற்றவர்கள் முன்னிலையில் எடுத்துரைத்து, எந்த எண்ணம், எந்தச் சூழல் தம்மை அதை நோக்கி நகர்த்தியது என்பதை ஆராய வேண்டும். மூன்றாவது கட்டம் வெளியுலகுக்குத் திரும்புவதற்கான ஆயத்தம். அதற்கு வருபவர்கள் மூஸ் லேக்கிலிருந்து செயின்ட் பீட்டருக்கு மாற்றப்படுகிறார்கள். பொய் கண்டறியும் சோதனையும், பாலியல் தூண்டலை உடலில் கருவி பொருத்தி அளக்கும் சோதனையும் இடையிடையே உண்டு.

காகிதத்தில் இது அறிவுக்கு உகந்ததாகவே தெரிகிறது. நடைமுறையில் பலர் ஆண்டுக்கணக்கில் முதல் கட்டத்தைத் தாண்டுவதில்லை. சிகிச்சையாளர்கள் அடிக்கடி வேலையை விட்டுப் போவதால், புதிதாக வருபவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல நேர்கிறது. விதி மீறல் ஒன்றால் பெற்ற முன்னேற்றத்தை இழப்பதும் உண்டு. இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது இரண்டாம் கட்டத்தில் உள்ள முரண். வெளிப்படையாகப் பேசாதவர் சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவர் ஆகிறார்; வெளிப்படையாகப் பேசினால் அவர் சொன்னதே அடுத்த மதிப்பீட்டு அறிக்கையில் ஆபத்துக்கான சான்றாக இடம்பெறக்கூடும். வழக்கறிஞரின் அறிவுரையின் பேரில் வாய் திறக்காமல் இருப்பவர்கள் இத்தகைய நிலையங்களில் உண்டு. தன்னைக் காவலில் வைத்திருக்கும் அரசின் ஊழியரிடம் நெஞ்சைத் திறக்கச் சொல்வது எந்த மருத்துவ உறவிலும் காணாத நிபந்தனை.

2015 தீர்ப்பில் என்னை அதிர வைத்த செய்தி இன்னொன்று. உள்ளே இருந்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் சிறார் பருவத்தில் செய்த குற்றங்களைத் தவிர வேறு குற்றப் பதிவு இல்லாதவர்கள்.

பதிவு 6 | எண்ணாளன்

புள்ளியியல் என் தொழில். ஆகவே ஆபத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மிகப் பரவலாகப் பயன்படும் கருவி, கார்ல் ஹான்சனும் டேவிட் தார்ன்டனும் 1999-இல் உருவாக்கிய ஸ்டாட்டிக்-99. அதில் பத்துக் கேள்விகள். முந்தைய பாலியல் குற்றங்கள் எத்தனை, பாதிக்கப்பட்டவர் முன்பின் அறியாதவரா, அவர்களில் ஆண் உண்டா, இவர் எவருடனாவது இரண்டு ஆண்டுகள் இணைந்து வாழ்ந்திருக்கிறாரா என்பன போன்றவை. வயதைத் தவிர ஏறக்குறைய எல்லாமே நடந்து முடிந்தவை. ஆகவே ஒருவர் 15 ஆண்டுகள் மனமாரச் சிகிச்சை பெற்றாலும் அவருடைய மதிப்பெண் அதனால் குறையாது. மாறக்கூடிய கூறுகளை அளக்கும் வேறு கருவிகளும் உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் எண்ணாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் முன்னதுதான். இந்தக் கருவி ஒரு கூட்டத்தை ஆபத்தின் அளவுப்படி வரிசைப்படுத்துவதில் ஓரளவு நன்றாகவே செயல்படுகிறது. குறிப்பிட்ட ஒரு மனிதர் என்ன செய்வார் என்று சொல்ல அதனால் இயலாது.

ஹான்சனும் பூசியேரும் 61 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 1998-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், நான்கைந்து ஆண்டுக் கண்காணிப்பில் மீண்டும் பாலியல் குற்றம் புரிந்தவர்களாகப் பதிவானோர் 13.4 சதவீதம். இதற்கு மாறாக, 2002-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே மேற்கோள் காட்டிய 80 சதவீதம் என்ற எண், எந்த ஆய்வின் துணையும் இல்லாமல் 1986-ஆம் ஆண்டின் வெகுசன உளவியல் இதழ் ஒன்றில் வந்த வாக்கியத்திலிருந்து கிளம்பியது என்பது பின்னாளில் தெரிந்தது. தவறான எண்ணுக்கு நீதிமன்ற முத்திரை கிடைத்துவிட்டால் அதைத் திரும்ப அழைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அதுவே சாட்சி.

தடுப்புவைப்புக்குத் தகுதியானவர்கள் சராசரிக் குற்றவாளிகள் அல்லர் என்ற மறுப்பு வரும். அது நியாயமான மறுப்பு. அதற்கும் ஒரு தரவு உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில், தடுத்து வைக்கலாம் என்று பரிந்துரைக்கப்பட்டும் அரசு வழக்கறிஞர் மனுத் தாக்கல் செய்யாததால் வெளியே போன 135 பேரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் மீண்டும் கடுமையான பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். மற்ற முக்கால் பங்கினரை அடைத்து வைத்திருந்தால், அவர்கள் எதற்காக உள்ளே இருந்திருப்பார்கள்?

பதிவு 7 | நெய்தல்

நான்கில் ஒருவர் என்பதை எண்ணாளன் சிறிய எண்ணாகக் காட்டுகிறார். எனக்கு அது மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. அத்துடன், இவை யாவும் பிடிபட்டுத் தண்டனை பெற்றவர்களின் கணக்கு. வீட்டில் சொல்லாத குழந்தை, சொல்லியும் காவல் நிலையம் வரை போகாத குடும்பம், போயும் சாட்சியில்லாமல் முடிந்துபோன வழக்கு ஆகியவை எந்தப் பகுப்பாய்விலும் சேர்வதில்லை. 13 சதவீதம் என்பதைக் கீழ்வரம்பு என்று சொல்லியிருந்தால் எனக்கு மறுப்பில்லை.

செல்வி சொன்ன மூன்று கட்டங்களைப் பற்றி ஒன்று கேட்கிறேன். அந்தச் சிகிச்சையால் பயன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறதா? இல்லையென்றால், முடித்துவிட்டார் என்று யாரையேனும் வெளியே அனுப்புவது எந்த நம்பிக்கையில்?

பதிவு 8 | செயின்ட்பால் செல்வி

அம்மா, நீங்கள் கேட்டது இருதரப்பையும் சங்கடப்படுத்தும் கேள்வி. இத்துறையில் நடந்த மிக முறையான ஆய்வு கலிஃபோர்னியாவின் அட்டஸ்கடேரோ அரசு மருத்துவமனையில் நடந்தது. தாமாக முன்வந்த கைதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் மீள்குற்றத் தடுப்புச் சிகிச்சை அளித்து, பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். 2005-இல் வெளியான இறுதி முடிவின்படி, இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதன் பிறகு, ஆபத்து கூடியவருக்குக் கூடுதல் சிகிச்சை, குற்றத்தோடு நேரடித் தொடர்புள்ள தேவைகளில் கவனம், அவரவர் கற்கும் திறனுக்கேற்ற முறை என்ற மூன்று கோட்பாடுகளைப் பின்பற்றும் திட்டங்கள் மேலான பலன் தருவதாகத் தொகுப்பாய்வுகள் காட்டியுள்ளன. ஆண் இயக்குநீரைக் குறைக்கும் மருந்துகள் சிலருக்கு, அதிலும் கட்டுக்கடங்காத பாலியல் வேட்கையால் உந்தப்படுபவர்களுக்கு, உதவுகின்றன. எலும்புத் தேய்வு போன்ற பக்கவிளைவுகள் உண்டு. மருந்தை நிறுத்தினால் விளைவும் நின்றுவிடும். சினத்தாலோ அதிகார வெறியாலோ குற்றம் செய்பவருக்கு அவற்றால் பெரிய பயனில்லை.

ஆக, சிகிச்சையால் ஆபத்து ஓரளவு குறைகிறது என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். அமெரிக்க உளநல மருத்துவர் சங்கத்தின் பணிக்குழு 1999-இலேயே இச்சட்டங்களைக் கடுமையாக எதிர்த்தது. மனநோய் எது என்பதை மருத்துவம் தீர்மானிக்க வேண்டிய இடத்தில் சட்டமன்றம் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் கவலை. 2013-இல் அந்தச் சங்கத்தின் மனநோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, வன்புணர்ச்சி நாட்டத்தைத் தனிக் கோளாறாகச் சேர்க்கும் முன்மொழிவு ஏற்கப்படவில்லை. ஆனாலும் வேறு பெயர்களில் அந்த நோயறிதல் நீதிமன்றங்களில் தொடர்ந்து முன்வைக்கப்படுகிறது.

பதிவு 9 | பிரேமன்வாசி

ஜெர்மனியில் வாழ்பவன் என்பதால் இங்குள்ள நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கேயும் தண்டனைக்குப் பிந்தைய காவல் உண்டு. அது 1933-இல் வந்த சட்டம் என்பதால் அதன்மீது எப்போதும் ஒரு நிழல் படிந்திருக்கிறது. முதல்முறை காவலுக்கு இருந்த பத்து ஆண்டு உச்சவரம்பை 1998-இல் நீக்கி, ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கும் அதைப் பொருத்தினார்கள். 2009 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பெயர் எதுவாக இருந்தாலும் இது தண்டனையே, பின்னேற்பாகப் பொருத்தியது தவறு என்று தீர்ப்பளித்தது. 2011 மே மாதத்தில் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் காவலை ஒழிக்கவில்லை. சிறைக்கும் இதற்கும் தெளிவான இடைவெளி இருந்தாக வேண்டும் என்றும், விடுதலையை நோக்கிய சிகிச்சையைச் சிறையில் இருக்கும் காலத்திலேயே தொடங்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. 1997-இல் பிரேயர் சிறுபான்மையில் நின்று கேட்டது இங்கே சட்டமாகவே ஆகிவிட்டது.

பதிவு 10 | வடகரை வாசகன்

நம் மாநிலத்தின் குண்டர் தடுப்புச் சட்டத்திலும் 2014 திருத்தத்தின் மூலம் பாலியல் குற்றவாளிகள் சேர்க்கப்பட்டார்கள் அல்லவா? அதுவும் இதே வகைதானா?

பதிவு 11 | வழக்குரைஞர் வேலன்

இல்லை. அது நிர்வாக ஆணையால் பிறப்பிக்கப்படும் தடுப்புக்காவல். உச்சவரம்பு 12 மாதங்கள். அறிவுரைக் கழகம் பார்க்கும், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். அதில் மனக்கோளாறு என்ற கூற்றும் இல்லை, சிகிச்சை என்ற வாக்குறுதியும் இல்லை. அதன் குறைகளைப் பேசத் தனி இழை வேண்டும். நாம் மினசோட்டாவுக்கே திரும்பலாம்.

பதிவு 12 | கூடல்நகரான்

திரும்புகிறேன். நான் முதலில் குறிப்பிட்ட 2015 தீர்ப்பு நிலைக்கவில்லை. அத்தகைய காவலுக்குக் கடுமையான அரசமைப்புச் சோதனையைப் பொருத்தியது தவறு, அரசின் நோக்கத்தோடு நியாயமான தொடர்பு இருந்தாலே போதும் என்று 2017 ஜனவரியில் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. ஆனால் நீதிபதி ஃபிராங்க் கண்டறிந்த உண்மைகள் அதனால் பொய்யாகிவிடவில்லை. உள்ளே இருப்பவர் இப்போதும் ஆபத்தானவரா என்பதை அரசு தானாகக் காலந்தோறும் மதிப்பிடும் கடமையே மினசோட்டாவில் இல்லை என்பதே அவற்றில் முதன்மையானது. அண்டை மாநிலமான விஸ்கான்சினில் ஆண்டுதோறும் மறுமதிப்பீடு நடக்கிறது. அங்கே 1994-இலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் முழு விடுதலை பெற்றிருக்கிறார்கள். இரு மாநில மக்களுக்கும் இடையே அப்படியொன்றும் வேறுபாடு இல்லை, நடைமுறைதான் வேறு.

செலவையும் சொல்ல வேண்டும். மினசோட்டா சட்டமன்றத் தணிக்கையாளரின் 2011 அறிக்கைப்படி, ஒருவருக்கு ஆண்டுக்கு 1,20,000 டாலர். அதே மாநிலச் சிறைச் செலவைப்போல் குறைந்தது மூன்று மடங்கு. இதற்கிடையே அதே மாநிலத்தின் சிறைத்துறை, கனடாவின் ஹாமில்டனில் 1994-இல் மெனோனைட் திருச்சபையார் தொடங்கிய ஆதரவு வட்ட முறையைப் பின்பற்றி, சிறையிலிருந்து வெளிவரும் பாலியல் குற்றவாளிகள் சிலரில் ஒவ்வொருவரையும் சுற்றி நான்கைந்து தன்னார்வலர்களை நிறுத்தி, வேலைக்கும் இருப்பிடத்துக்கும் உதவிக்கொண்டே கண்காணிக்கிறது. சிறிய மாதிரிதான் என்றாலும், குலுக்கல் முறையில் ஒப்பிட்டபோது அந்த வட்டத்தில் இருந்தவர்கள் பாலியல் குற்றத்துக்காக மீண்டும் கைதாவது வெகுவாகக் குறைந்திருந்தது. இந்தச் செய்தியில் எனக்கு வியப்பு, கோபம் இரண்டும் உண்டு.

பதிவு 13 | எண்ணாளன்

ஒரு குறிப்பு மட்டும். வெளியே குற்றமின்றிக் கழியும் ஒவ்வோர் ஐந்து ஆண்டுக்கும் மறுகுற்ற ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று ஹான்சன் குழுவினர் 2014-இல் காட்டினார்கள்; ஆபத்து மிகுந்த பிரிவினருக்கும் அது பொருந்துகிறது. பூட்டிய கதவுக்குள் இருப்பவருக்கு அந்தச் சான்றைச் சேர்க்கவே வழியில்லை.

பதிவு 14 | நெய்தல்

விஸ்கான்சினின் ஆண்டு மதிப்பீட்டை நான் எதிர்க்கவில்லை. கட்டுப்பாடுகளோடு படிப்படியாக வெளியே விடுவதையும் எதிர்க்கவில்லை. ஆனால் அவர் எந்தத் தெருவில் குடியிருப்பார் என்ற கேள்விக்கு இந்த இழையில் யாரும் விடை சொல்லவில்லை. லீராய் ஹெண்ட்ரிக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல், 70 வயதை எட்டிச் சக்கர நாற்காலியில் இருந்த நிலையில், கான்சாஸ் அவரை ஒரு குடியிருப்பு இல்லத்துக்கு மாற்றியது. அக்கம்பக்கத்தார் திரண்டு எதிர்த்தார்கள், நில வகைப்பாட்டு விதியைக் காட்டி வழக்கும் நடந்தது, சில நாள்களிலேயே அவர் அரசு மருத்துவமனை வளாகத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த அக்கம்பக்கத்தாரை நான் குறைசொல்ல மாட்டேன்.

பதிவு 15 | வழக்குரைஞர் வேலன்

அவர்களைக் குறைசொல்ல வேண்டியதில்லை, அம்மா. ஆனால் இடம் கிடைக்காதது அந்த மனிதரின் மனக்கோளாறு ஆகாது. ஒருவரைத் தொடர்ந்து அடைத்து வைப்பதற்குச் சட்டம் இரண்டே காரணங்களை ஏற்கிறது: கோளாறு, அதனால் விளையும் ஆபத்து. ஊரார் எதிர்ப்பை மூன்றாவது காரணமாக அது ஏற்பதில்லை. எனவே இடம் தேடும் கடமை அரசுடையது. செயின்ட் பீட்டர் போன்ற வளாகங்களுக்கு வெளியே, இரவு பகல் ஊழியர்கள் இருக்கும் சிறிய இல்லங்களை மாநிலம் தன் பணத்தில் அமைத்தால் ஒழிய எந்த நீதிபதியும் துணிந்து கையெழுத்திட மாட்டார். 2011 தணிக்கை அறிக்கை சுட்டிய குறையும் அதுதான்: உச்சக் காவல், இல்லையேல் எதுவுமில்லை என்ற நிலை.

மினசோட்டாவில் முழு விடுதலை கோருபவர் முதலில் சிறப்புச் சீராய்வு வாரியத்திடம் மனுக் கொடுக்க வேண்டும். பிறகு மூன்று நீதிபதிகள் கொண்ட குழு அதை விசாரிக்கும். அங்கே அவர் தம் தரப்புக்கு முதல்நிலைச் சான்றை வைத்துவிட்டால், விடக்கூடாது என்பதை மெய்ப்பிக்கும் சுமை எதிர்ப்பவர்களைச் சேரும். ஏட்டில் அது நல்ல விதி. ஆனால் முதல்நிலைச் சான்றுக்கு ஒரு சுதந்திர மதிப்பீட்டாளரின் அறிக்கை தேவைப்படுகிறது. அரசு ஆண்டுதோறும் தானாக மதிப்பீடு செய்தால் அது தானாகக் கிடைத்துவிடும். கூடல்நகரான் கேட்ட அளவுகோலுக்கு அதைத்தான் முதல் படியாகக் கொள்வேன். அதற்கு நீதிமன்றத்தை எதிர்பார்க்கவும் வேண்டாம். சட்டமன்றம் ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும். அந்தப் பத்திக்கு வாக்களித்துவிட்டு அடுத்த தேர்தலைச் சந்திக்க எந்த உறுப்பினர் முன்வருவார் என்பதைச் செல்வி அவர்கள்தாம் அங்கிருந்து சொல்ல வேண்டும்.

பதிவு 16 | செயின்ட்பால் செல்வி

2003 கொலை நடந்தபோது ஆட்சியில் இருந்தது ஒரு கட்சி, 2015 தீர்ப்பு வந்தபோது இன்னொரு கட்சி. இந்த ஒரு பொருளில் இரண்டும் ஒரே விதமாகவே நடந்துகொண்டன. பெயரைச் சொல்லும் அளவுக்கு ஒருவரையும் நான் காணவில்லை.